கிராஸ் குட்டி எடுக்கலாமா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி என்று எங்கள் கரையோரம் முழுக்க இது வழக்கமாக நடப்பதுதான். ஒரு வீட்டில் லேப் (லேப்ரடார்) பொட்டை நாய் வளர்க்கிறார்கள். அது பருவத்துக்கு வந்த சமயம் யாரும் கவனிக்காத ஒரு ராத்திரியில் வேலி தாண்டி ஒரு கடுவன் வந்துவிடுகிறது. ஏறக்குறைய 63 நாள் கழித்து, படகுச் சாமான் போடும் கொட்டகையில் ஏழெட்டுக் குட்டி. வீட்டுக்காரர் என்ன செய்வார்? வாட்ஸ்அப்பில் படம் போடுவார்: "லேப் கிராஸ் குட்டி, இலவசம், நல்ல வீடு வேண்டும்."

படத்தைப் பார்த்ததும் மனசு இளகும், அது இயல்பு. ஆனால் அந்தக் குட்டி 12 முதல் 15 வருடம் உங்கள் வாசலில் இருக்கப்போகிற உயிர். இந்த மாதிரி ஈத்தில் உறுதியாகத் தெரிந்தவை இரண்டுதான்: ஒன்று தாய், இன்னொன்று உங்கள் வீடு. பலரும் இந்த இரண்டையும் பார்ப்பதில்லை. தெரியாத தகப்பனைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள்.

தகப்பன் யார் என்று தேடுவது

"அண்ணே, அப்பா எந்த சாதி நாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. வீட்டுக்காரரும் தெருவில் பார்த்த ஏதோ ஒரு நாயைச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. பருவத்தில் இருக்கும் பொட்டை அந்தச் சில நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களோடு சேரும். ஒரே ஈத்தில் இரண்டு குட்டிக்கு ஒரு தகப்பன், மற்றவற்றுக்கு வேறொரு தகப்பன் என்று இருக்கலாம். கறுப்புக் குட்டியும் செவலைக் குட்டியும் ஒரே மடியில் பால் குடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சரி, தகப்பன் தெரிந்தால்தான் என்ன ஆகிவிடும்? 2022-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, அதில் 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் உள்ள வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. "லேப் கிராஸ், அதனால் பிள்ளைகளோடு நல்லா இருக்கும்" என்ற நம்பிக்கையில் குட்டி எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

"கிராஸ் என்றால் நோயே வராது" என்பதும் இதே மாதிரிதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 27,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். மரபுவழி வரும் 24 கோளாறுகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் 10 மட்டுமே தூய இன நாய்களில் அதிகம். 13-ல் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. முழங்கால் தசைநார் அறுவது மட்டும் கலப்பு நாய்களில் அதிகம். ஆக, கலப்பால் கொஞ்சம் ஆதாயம் உண்டு, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அக்கா, தாய் எங்கே இருக்கு? ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகலாமா?" நேரில் போங்கள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது தாய் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். குட்டியைக் காக்க லேசாக உறுமினால் அதில் தவறில்லை. ஆள் வந்தாலே நடுங்கி மூலையில் ஒடுங்குகிறதா, சொறி இருக்கிறதா, காதுக்குள் உண்ணி மொய்க்கிறதா என்பதைக் கவனியுங்கள். தாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பயந்த தாயிடம் வளரும் குட்டியும் மனிதரைக் கண்டால் பயப்படக் கற்றுக்கொள்ளும். குட்டி எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கும் தாயின் உருவம்தான் கையில் உள்ள நல்ல தடயம், பாதத்தின் அளவு அல்ல.

குட்டி பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு எச்சரிக்கை. தடுப்பூசி போடாத தாயோ குட்டியோ பல்லாலோ நகத்தாலோ கீறி ரத்தம் தெரிந்தால், "குட்டிதானே" என்று விடவே கூடாது. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே தோலுக்குள் போடும் தடுப்பூசியை முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ம் நாள் என்று போடுவார்கள். ஒரு ஊசியையும் தவறவிடக் கூடாது.

ஒரு மாதக் குட்டியைத் தூக்கி வருவது

இதைத்தான் நான் மிக மோசமான தவறு என்று நினைக்கிறேன், காரணம் இதைத் திருத்துவது கடினம். பிறந்து 10 முதல் 14 நாளில் கண் திறக்கும். மூன்று வாரம் ஆகும்போதுதான் காது சரியாகக் கேட்கும். அதிலிருந்து ஏறக்குறைய 12 வாரம் வரை உள்ள காலம்தான் குட்டி உலகத்தைப் படிக்கும் காலம். கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திக்கொண்டு விளையாட்டை நிறுத்திவிடும், பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் தள்ளிவிடும். எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி அப்படித்தான் பழகுகிறது. 30 நாளில் பிரித்த குட்டிக்கு இந்தப் பாடம் கிடைக்காது. அப்புறம் ஆறு மாதத்தில் "கடிக்குது" என்று சொல்லித் தெருவில் விடுகிறார்கள்.

நாய் வளர்த்து விற்பவர்களுக்கான மத்திய அரசின் 2017 விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இலவசமாகக் கொடுக்கும் குட்டிக்கும் அதே எட்டு வாரம்தான் சரியான கணக்கு. "எங்களால இத்தனைய வச்சுச் சமாளிக்க முடியல, இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால், அவர் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் குட்டிக்கான சாப்பாட்டுச் செலவையும் பூச்சி மருந்தையும் நீங்கள் கொடுத்து, எட்டு வாரம் வரை அங்கேயே இருக்கட்டும் என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

தடைக்காலத்திலும் விடுப்பிலும் முடிவெடுப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. குட்டி எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று தோன்றும். முதல் இரண்டு மாதம் குட்டி எல்லோர் கையிலும் வளரும். ஜூன் நடுவில் படகு கிளம்பிவிடும், பள்ளி திறந்துவிடும். குட்டிக்கு அப்போது நாலு மாதம், பல் விழுந்து முளைக்கும் பருவம். செருப்பு, வலை, கயிறு, மிதவை என்று கிடைத்ததை எல்லாம் கடிக்கும். வீட்டில் மிச்சம் இருப்பது அம்மாவும் ஆத்தாவும் மட்டும். அவர்களைக் கேட்காமல் எடுத்த குட்டி என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருபவர்களுக்கும் இதுவே பொருந்தும். குட்டியைக் கேட்பவர் யார் என்பதைவிட ஆகஸ்ட் மாதத்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் அதற்குச் சோறு வைக்கப்போவது யார் என்பதே முக்கியம். அவருடைய சம்மதம் இல்லையென்றால் எடுக்காதீர்கள்.

நம் கரைக்குப் பொருந்தாத குட்டியை எடுப்பது

படத்தில் பஞ்சு மாதிரி தெரியும் ரோமம்தான் பலரை இழுக்கிறது. பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி கலந்த குட்டிக்கு இரட்டை அடுக்கு ரோமம் வரலாம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அந்த இரைப்பும் சரியாகப் பலன் தராது. பக் இனம் கலந்த சப்பை மூக்குக் குட்டிக்கு இன்னும் சிரமம். தகரக் கூரையும் மர நிழல் இல்லாத வாசலும் உள்ள வீட்டுக்கு இவை வேண்டாம் என்றே சொல்வேன். குட்டை ரோமமுள்ள நாட்டு நாய் கலப்பு நம் வெயிலுக்கு எவ்வளவோ தேவலை.

நீலக் கண்ணைப் பார்த்து ஆசைப்படுவதும் வேண்டாம். கண் திறந்த புதிதில் எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாகத்தான் தெரியும், சில வாரத்தில் மாறிவிடும். முழு வெள்ளையாக, கண் வெளிறியே இருக்கும் ராஜபாளையம் கலப்பு என்றால் காது கேட்கிறதா என்று பாருங்கள். அது காணாதபடி பின்னால் நின்று கை தட்டினால் தெரிந்துவிடும். கேட்காத குட்டியையும் வளர்க்கலாம், ஆனால் தெரிந்து எடுக்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை வேட்டைக்கு ஓடிய நாய்கள். அந்தக் கலப்பு தெரிந்தால், பக்கத்து வீட்டில் கோழியும் ஆடும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவிழ்த்துவிட்ட நாய் ஒரு வெள்ளாட்டுக் குட்டியைப் பிடித்தால் ஊரில் உறவே முறிந்துவிடும். தனுஷ்கோடி பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. ஆண்டின் முதல் சில மாதங்களில் சிற்றாமைகள் அந்த மணலில் முட்டையிடும், கட்டாத நாய்கள் அதைத் தோண்டித் தின்றுவிடும். பக்கத்து வீட்டார் தொழுகைக்காக நாயின் எச்சில் படாமல் சுத்தம் பேணுபவர்களாக இருந்தால், குட்டி வருவதற்கு முன்பே போய்ப் பேசி, அது உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கும்படி வேலியைச் சரிசெய்யுங்கள்.

காவலுக்காக மட்டும் எடுத்து நாள் முழுக்கச் சங்கிலியில் போடும் எண்ணம் இருந்தால், எடுக்க வேண்டாம்.

"நாட்டுக் குட்டிதானே, எதையும் தாங்கும்"

தாங்காது. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் ரத்தமாகப் பேதி போய் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும் குட்டிகள் ஏராளம். அந்தக் கிருமி மண்ணில் பல மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். போன வருடம் உங்கள் வாசலில் ஒரு குட்டி இப்படி இறந்திருந்தால், தடுப்பூசி முழுதும் போடாத புதுக் குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள். முதல் ஊசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் 16 வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. ஜூலை 6 உலக விலங்குவழி நோய் தினத்தில் பல அரசு கால்நடை மருத்துவமனைகளில் இதை இலவசமாகப் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கும் ஊசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில், சங்காய மீனை (விலை போகாத பொடி மீனை) வேகவைத்து முள் எடுத்துச் சோற்றோடு கொடுக்கலாம். கருவாடு வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது. வலை உதறும்போது கரையில் வீசும் பேத்தை மீன்தான் பெரிய ஆபத்து. அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. கரைக்கு மிக அருகில் வீடு இருந்து, குட்டியை வேலிக்குள் வைக்க வழி இல்லையென்றால், அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்லலாம்.

பொட்டை வேண்டாம் என்பது

கடுவன் குட்டிகள் ஒரு வாரத்தில் போய்விடும். பொட்டைகள் மிஞ்சும், பிறகு மீன் இறங்குதளத்திலோ கோயில் வாசலிலோ சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடப்படும். பிழைத்தவை அடுத்த வருடமே குட்டி போடும். பொட்டையை மறுக்கச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான், வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும் என்பது. கருத்தடை செய்தால் அந்தத் தொல்லையே இல்லை, கருப்பையில் சீழ் வைக்கும் நோயும் வராது. வளர்க்க முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் பொட்டைக் குட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு குட்டி மட்டும் வேண்டாம். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு உங்களிடம் சரியாகப் பழகாமல் போகலாம்.

எல்லாம் யோசித்து வேண்டாம் என்று தோன்றினால், அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். "பார்க்கிறேன்" என்று இழுத்தால் அவர் வேறு ஆளைத் தேடாமல் காத்திருப்பார், குட்டிக்கு வயதாகும், கேட்பவர் குறைவார்கள். உதவ வேண்டும் என்றிருந்தால் தாய்க்கு உதவலாம். குட்டிகள் பால் மறந்து மடி வற்றியதும் கருத்தடை செய்யலாம். சில மாதத்தில் அது மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். அதற்கு முன் ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோக வண்டிச் செலவும், அறுவை முடிந்த அன்று கூட இருக்க ஒரு ஆளும் வேண்டும். அந்த ஒரு நாளை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.