வீட்டுக்கு முன் மண்: மனை வாங்குவோர் கவனத்திற்கு

சொந்த வீடு கட்ட விரும்புவோரில் பலர் வீட்டின் வரைபடத்தை மனத்தில் முடித்துவிட்டு, அதற்கேற்ற மனையைத் தேடத் தொடங்குகிறார்கள். மனையை அறிந்துகொண்ட பிறகு வீட்டைத் திட்டமிடுவதே சரியான வரிசை. சமையலறையின் அளவையும் ஜன்னலின் இடத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மண்ணின் தன்மை, நிலத்தின் சரிவு, நீர் வடியும் திசை ஆகியவை நாம் வாங்குவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை.

மனையைக் கோடையில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். பலத்த மழை பெய்த மறுநாள் சென்று, எங்கே நீர் தேங்கியிருக்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மழைக்காலம் வரை காத்திருக்க இயலாதவர்கள், மனையில் கோரைப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தால் அங்கே நீர் நிற்கும் என்பதை உணர்ந்துகொள்ளலாம். மனையைவிடச் சாலை உயரமாக இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மேலே மேலே தார் போடப்படும் சாலைகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உயர்ந்துகொண்டே போவதால், இன்று சாலைக்குச் சமமாக இருக்கும் தரைத்தளம் பிற்காலத்தில் பள்ளமாகிவிடக்கூடும்.

அடுத்தது மண். இதில்தான் அதிகப் பொறுமை தேவை என்பது என் உறுதியான கருத்து. கரிசல் போன்ற களிமண் நீரை உறிஞ்சும்போது உப்பி, காயும்போது சுருங்குகிறது. கோடையில் விரல் நுழையும் அளவுக்குத் தரை வெடித்திருந்தால், அந்த அசைவை அதன்மேல் நிற்கும் சுவரும் தாங்க வேண்டியிருக்கும். குப்பையோ கட்டட இடிபாடோ கொட்டி மேடாக்கிய பழைய பள்ளம் இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அது ஒருபுறம் கூடுதலாகவும் மறுபுறம் குறைவாகவும் அமிழும்போது சுவர்கள் விரிசல் காண்கின்றன. மண்ணைப் பற்றி ஓரளவு அறிய, கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள்: மணல் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். ஆனால் அடிமானத்தை முடிவுசெய்ய இது போதாது. பொறியாளரைக் கொண்டு துளையிட்டுச் சோதிப்பதே முறை, அதில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தியல் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ, குழாய் மண்ணில் குறிப்பிட்ட ஆழம் இறங்க எத்தனை அடிகள் தேவைப்படுகின்றன என்று எண்ணி, மண்ணின் உறுதியை மதிப்பிடுவார்கள். இந்தச் சோதனையைக் கிரயத்துக்கு முன்பே செய்ய விற்பவரின் சம்மதத்தைக் கேளுங்கள்.

ஆவணங்களை வழக்கறிஞரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம். நிலத்தில் வீடு கட்ட அனுமதி உண்டா, மனைக்குச் செல்லும் வழி எழுத்தில் உரிமையாக இருக்கிறதா, நில அளவையர் அளந்த அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்ற மூன்றையும் தனித்தனியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி வரைபடம். சட்டப்படி விட வேண்டிய காலியிடத்தை முதலில் குறித்து, பிறகு கிணற்றையும் கழிவுநீர்த் தொட்டியையும் இடுங்கள்; இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் இருக்க வேண்டும், அதற்கு மேலும் உள்ளூர் விதி கேட்டால் அதையே பின்பற்றுங்கள். மேற்குச் சுவரில் மாலை வெயில் தாழ்வாக வந்து விழுவதால், மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் படுக்கையறையைத் தவிர்த்து மாடிப்படியையோ பொருள் வைக்கும் அறையையோ அமைப்பது நல்லது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் விழுகிறது. அப்படியானால் 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை 1,000 லிட்டர் தரும். அந்த நீரைச் சேமிக்கும் தொட்டிக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்குங்கள்.

பின்னாளில் மாடி எழுப்பும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், அந்த எடைக்கும் சேர்த்தே அடிமானத்தை வடிவமைக்கச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். தோண்டும்போது எதிர்பாராத பாறையோ ஊற்றோ வெளிப்பட்டால் அதுதான் கைகொடுக்கும். தரையை மூடுவதற்கு முன், கழிவுநீர்க் குழாயும் மின்கம்பிக் குழாயும் செல்லும் வழியைச் சுவரிலிருந்து அளந்து, அளவுநாடா தெரியும்படி படம் எடுத்து, வரைபடத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.