பழங்கோயில் திருப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்ப் பழங்கோயில்கள் பலவற்றில் கல்வெட்டுகள் அழிந்தது குடமுழுக்கு நேரத்தில்தான். ஊரார் ஆசையாகப் பணம் திரட்டுகிறார்கள். ஒப்பந்தக்காரர் மணல் வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, தலைமுறை தலைமுறையாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை விறுவிறுவென்று எடுக்கிறார். பிசுக்கோடு சோழர் கால எழுத்தும் போகிறது. வெட்டெழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தானே! அறநிலையத் துறை இதற்குத் தடை விதித்திருக்கிறது. தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நீர்த்த அம்மோனியாக் கரைசலும் மென்மையான தூரிகையும் கொண்டு இதே பிசுக்கை எடுக்கிறார்கள். நாள் பிடிக்கும், ஆனால் எழுத்து தப்பும்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். மத்திய தொல்லியல் துறை 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், மாநிலத் தொல்லியல் துறை 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் தாங்கள் அறிவித்த சின்னங்களைக் காக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடம் மத்தியத் துறையின் பொறுப்பு. ஆனால் பெரும்பாலான ஊர்க் கோயில்கள் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. அறநிலையத் துறையின் கீழ் மட்டுமே இருக்கின்றன. ‘பட்டியலில் இல்லையே, நாமே செய்துகொள்ளலாம்’ என்று நினைப்பது பெருந்தவறு. அந்தத் துறையின் வல்லுநர் குழுக்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், கல்வெட்டுகளைப் படியெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் அடித்து, மை தடவி எடுக்கும் மைப்படி இருந்தால், பின்னால் கல்லுக்கு என்ன நேர்ந்தாலும் வாசகம் மிஞ்சும். சுவரைப் பிரிப்பதானால் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டுப் படம் எடுக்காமல் கை வைக்கக் கூடாது. எண் போடாமல் பிரித்துக் கட்டிய கோயில்களில் ஒரே சாசனத்தின் வரிகள் கிழக்கே பாதி, மேற்கே பாதி என்று சிதறிக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. தரையை உயர்த்தி கிரானைட் போடுவதும் அப்படித்தான்: கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் கீழ் வரிசைகளான ஜகதியும் குமுதமும் கல்வெட்டோடு புதைந்துவிடும். சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி உப்புப் பூக்கும்.

மத்தியத் துறையின் சின்னத்துக்கு அருகில் வீடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் தூரத்துக்கு முன் அனுமதி வேண்டும். பஞ்சாயத்தின் வரைபட ஒப்புதல் அதற்கு ஈடாகாது.

மண்ணில் ஏதாவது கிடைத்தால் கழுவித் துலக்குவதும், பங்கு போடுவதும், பேசாமல் பூசையில் வைத்துவிடுவதும் கூடாது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வெளிப்பட்டன. அப்படி ஏதும் தட்டுப்பட்டால் தோண்டுவதை அங்கேயே நிறுத்தி, கிடந்த நிலையில் படம் எடுத்து, வட்டாட்சியருக்குச் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையலை அரசே எடுத்துக்கொண்டால் அதன் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகவும் தர அதே சட்டம் வழி செய்கிறது.