சௌன் போடும் முன் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்

தக்கலையில் ஒரு கல்யாண போட்டோ ஸ்டுடியோ என்று வையுங்கள். படங்களைச் சேர்த்துவைக்க லினக்ஸ் கம்ப்யூட்டர், அதில் புதிதாக 4 டிபி டிஸ்க். எம்என்டி (/mnt) டைரக்டரிக்குள் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, சௌன் (chown, உரிமையாளரை மாற்றும் கட்டளை) போட்டு ஸ்டுடியோ யூசருக்கு உரிமையாக்கி, அப்புறம் டிஸ்க்கை அதில் மவுண்ட் செய்கிறார்கள், அதாவது அந்த ஃபோல்டர் வழியாகத் திறக்கும்படி இணைக்கிறார்கள். படத்தை காப்பி செய்தால் ‘பெர்மிஷன் டினைட்’ (அனுமதி இல்லை).

வரிசைதான் தப்பு. மவுண்ட் ஆனதும், பாய் விரித்த தரைபோல, பழைய ஃபோல்டர் அடியில் மறைந்துவிடும். இப்போது தெரிவது டிஸ்க்கின் சொந்த மேல் டைரக்டரி. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் புதிதாக ஃபார்மட் செய்ததில் அது ரூட்டுக்கு, அதாவது நிர்வாகி யூசருக்குச் சொந்தம், அனுமதி 755, அதாவது ரூட் மட்டுமே எழுதலாம். ஆகவே மவுண்ட் செய்த பிறகு சௌன் போடுங்கள். அது டிஸ்க்கிலேயே பதிவாகும், ரீபூட் செய்தாலும் போகாது. பதிவாவது யூசரின் பெயரல்ல, அவருடைய எண் (யுஐடி). இங்கே 1000 என்பவர் உங்கள் ஆள். டிஸ்க்கைக் கழற்றி நாகர்கோவில் கிளையில் மாட்டினால் அதே 1000 வேறொருவராக இருக்கலாம்.

பலருக்கும் கை போவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மோட் (chmod) 777-க்கு, அதுவும் உள்ளே உள்ள அனைத்துக்கும் பொருந்தும்படி மைனஸ் ஆர் (-R) சேர்த்து. வேலை நடந்துவிடும் என்பதுதான் இதில் வம்பு. அந்த மெஷினில் லாகின் உள்ள எவரும் எதையும் அழிக்கலாம். பாதையைத் தப்பாக அடித்து சிஸ்டம் டைரக்டரியில் ஓடிவிட்டால், ரூட்டாக வேலை செய்ய உதவும் சூடோ (sudo) கட்டளையே படுத்துவிடும். ஸ்டுடியோ ஆட்களுக்கு ஒரு குரூப் வைத்து, டைரக்டரிக்கு 2775 (குரூப்பும் எழுதலாம், புதிய ஃபைல்களும் அதே குரூப்புக்கே), யூமாஸ்க் (புதிய ஃபைலின் அனுமதியில் எதைக் கழிப்பது என்ற எண்) 002 போதும்.

கேமரா கார்டு, பென்டிரைவ் கதை வேறு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் உரிமையாளரைப் பதிய இடமே இல்லை. அதில் சௌன் பலிக்காது. மவுண்ட் செய்யும்போதே யுஐடி, ஜிஐடி (குரூப்பின் எண்), யூமாஸ்க் கொடுக்க வேண்டும். அதே யுஐடியை எக்ஸ்ட்4 வரியில் எழுதினால் மவுண்ட்டே ஆகாது.

இனி, முதலில் போட்ட அந்தத் தப்பான சௌன் திரும்பிக் கடிக்கும் இடம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கரண்ட் போகாமல் இருக்காது. போய் வந்த பிறகு டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. பூட் ஆகும்போது எதை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில், டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யூயூஐடிக்குப் பதில், மாறக்கூடிய டிவைஸ் பெயரை எழுதியிருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். ‘டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகு’ என்னும் நோஃபெயில் (nofail) அதில் இருப்பதால் கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் பூட் ஆகிறது. அடியில் கிடக்கும் காலி ஃபோல்டரோ ஸ்டுடியோ யூசருக்கே சொந்தம். கேமரா கார்டில் உள்ள படம் முழுக்க அதில், அதாவது சிஸ்டம் டிஸ்க்கில், போய் இறங்குகிறது. மறுநாள் ஒருவர் டிஸ்க்கை மவுண்ட் செய்கிறார்.

“மக்கா, நேத்து ஏத்துன குளச்சல் கல்யாணம் எங்க டே?”

அழிந்துபோகவில்லை, அன்மவுண்ட் செய்தால் தெரியும். அன்மவுண்ட் செய்ய முடியாவிட்டால் சிஸ்டம் டிஸ்க்கின் மேல் டைரக்டரியை (/) வேறிடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது இன்னொரு ஃபோல்டர் வழியாகவும் திறந்து, எட்டிப் பார்க்கலாம். கார்டை ஃபார்மட் செய்யும் முன் இதைச் செய்வது நல்லது! மறுபடி நடக்காதிருக்க, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் காலி ஃபோல்டரை ரூட்டுக்கே விட்டு, மாற்றமுடியாததாகப் பூட்டும் சேட்டர் பிளஸ் ஐ (chattr +i) கொடுங்கள். ரூட்டாலும் அதில் எழுத முடியாது. மேலே மவுண்ட் செய்யத் தடையில்லை. பேக்கப் ஸ்கிரிப்டிலும் முதல் வரியாக, டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயின்ட் (mountpoint) கட்டளையை வைத்து, ஆகவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

விண்டோஸும் உள்ள கம்ப்யூட்டரில், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) திறந்தாலோ, திறக்கவே மறுத்தாலோ அனுமதிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரும்பாலும், முழுதாக ஷட்டவுன் ஆகாமல் பாதியில் நிறுத்தும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். அதை அணைத்து, விண்டோஸை முழுதாக ஷட்டவுன் செய்துவிட்டு வாருங்கள்.