எஸ்எஸ்ஆர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"25 ஆம்ப் எஸ்எஸ்ஆர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதுதான் பலரின் வழக்கம். எஸ்எஸ்ஆர் என்பது சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது அசையும் பாகம் இல்லாமல் ஒரு சிறு சிக்னலால் பெரிய கரன்டை ஆன், ஆஃப் செய்யும் எலக்ட்ரானிக் சுவிட்ச். அதில் ஆம்பியர் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதனோடு இணைக்கப்போகும் லோடு, அதாவது ஹீட்டர், மோட்டார் போன்ற கருவி, எது என்பதுதான் முதல் கேள்வி.

லோடு ஏசியா, டிசியா? பல மாடல்களில் எண்ணின் முடிவிலேயே இதற்குப் பதில் இருக்கும். டிஏ என்றால் கட்டுப்பாடு டிசி, லோடு ஏசி. டிடி என்றால் இரண்டுமே டிசி. ஏசி வகைக்குள் இருப்பது டிரயாக் அல்லது தைரிஸ்டர் என்ற குறைகடத்தி சுவிட்ச். ஒருமுறை ஆன் ஆகிவிட்டால், ஓடும் கரன்ட் பூஜ்ஜியத்தைத் தொடும்போதுதான் அது ஆஃப் ஆகும். நம் 50 ஹெர்ட்ஸ் ஏசியில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது, டிசியில் நடப்பதே இல்லை. அதனால் 24 வோல்ட் டிசி சோலினாய்டு வால்வை (மின்காந்தக் காயிலால் திறக்கும் வால்வு) டிஏ வகையில் இணைத்தால் வால்வு திறக்கும், சிக்னலை எடுத்தாலும் மூடாது. ரிலே பழுது என்று நினைத்துப் புதிது வாங்கி மாட்டினாலும் இதேதான் நடக்கும். சிக்னலை எடுத்தவுடன் ஆஃப் ஆகும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் உள்ள டிடி வகைதான் வேண்டும், ஆஃப் ஆகும்போது காயிலில் எழும் வோல்டேஜிலிருந்து அதைக் காக்கக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடும் சேர்த்து.

அடுத்தது, ஜீரோ கிராஸ் வகையை எல்லாவற்றுக்கும் போடுவது. சிக்னல் வந்தாலும் வோல்டேஜ் பூஜ்ஜியத்துக்கு அருகில் வரும்வரை காத்திருந்து ஆன் ஆகும் வகை இது. ஹீட்டருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது, மின் இரைச்சலும் குறைவு. ஆனால் டிம்மர் போல ஃபேஸ் கோணத்தை வெட்டி, அதாவது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு பகுதியை மட்டும் விட்டு, கட்டுப்படுத்த இது உதவாது, அதற்கு சிக்னல் வந்தவுடனே ஆன் ஆகும் ராண்டம் வகைதான். டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. வோல்டேஜ் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது ஆன் செய்தால் கோரில் (உள்ளே இருக்கும் இரும்புப் பகுதியில்) காந்தப்புலம் வழக்கமான உச்சத்தைப் போல இரு மடங்கு வரை போகலாம். கோர் செறிவடைந்து, அதாவது அதற்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்க முடியாமல், முதல் அரைச் சுற்றிலேயே கரன்ட் பல மடங்கு பாயும். பாதுகாப்பானது என்று நாம் நினைக்கும் அந்தப் பூஜ்ஜியம்தான் டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக மோசமான நேரம். அதற்கென்றே வோல்டேஜ் உச்சத்தில் ஆன் ஆகும் வகை இருக்கிறது.

சரி, இப்போது ஆம்பியர். மேலே அச்சிட்ட 25 ஆம்ப் என்பது போதுமான ஹீட் சிங்க்கில் பொருத்தினால் மட்டும். ஏசி எஸ்எஸ்ஆர் ஆன் நிலையில் சுமார் 1 முதல் 1.5 வோல்ட்டைத் தானே தின்றுவிடும். 20 ஆம்ப் ஓடினால் 20 முதல் 30 வாட் வெப்பம், அதுவும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியில். வெறுமனே பேனலில் திருகினால் சில ஆம்ப்தான் தாங்கும். தெர்மல் பேஸ்ட் தடவி, துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்கும்படி ஹீட் சிங்க்கை வையுங்கள். மோட்டார் என்றால் ஓடும் கரன்டை மட்டும் பார்க்கக் கூடாது, தொடக்கத்தில் அது ஆறு மடங்கோ அதற்கு மேலோ இழுக்கும்.

கட்டுப்பாட்டுப் பக்கத்தில் 3 முதல் 32 வோல்ட் டிசி என்று போட்டிருக்கும். அதை நம்பி 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலிருந்து நேரடியாக ஓட்டினால், குறைந்தபட்ச வோல்டேஜின் விளிம்பில்தான் நிற்கும். ஒரு டிரான்சிஸ்டர் வைத்து 5 அல்லது 12 வோல்ட் கொடுப்பது நல்லது.

ஆஃப் செய்தாலும் ஏசி எஸ்எஸ்ஆர் வழியே சில மில்லி ஆம்ப் கசியலாம். சிறு எல்இடி விளக்கு மங்கலாக எரிவது இதனால்தான். எரிச்சலூட்டும், அவ்வளவே. ஆனால் எஸ்எஸ்ஆர் ஆஃப்தானே என்று டெர்மினலைத் தொட்டால் ஷாக் அடிக்கும். வேலைக்கு முன் ஐசொலேட்டரையோ (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எம்சிபியையோ (கரன்ட் அளவு மீறினால் தானே டிரிப் ஆகும் பிரேக்கர்) கட்டாயம் இறக்குங்கள்.

பெரும்பாலும் யாரும் யோசிக்காத ஆபத்து ஒன்று உண்டு. எஸ்எஸ்ஆர் கெட்டால் பொதுவாக ஷார்ட் ஆகி, ஆன் நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் சிக்னலை நிறுத்தினாலும் ஹீட்டர் சூடேறிக்கொண்டே போகும். கரன்ட் வழக்கமான அளவில் இருப்பதால் எம்சிபியும் டிரிப் ஆகாது. ஆகவே ஹீட்டர் லைனில் ஒரு கான்டாக்டரும் (காயிலால் இயங்கி லைனைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), கன்ட்ரோலரைச் சாராமல் அதைத் துண்டிக்க ஒரு தனி தெர்மோஸ்டாட்டும் வைத்த பிறகே அடுப்பையோ தொட்டியையோ ஆள் இல்லாமல் ஓட விடுங்கள்.