சாவிக்கும் ஒரு பூட்டு

இங்கிலாந்தில், காற்றில் வீசப்படும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் பழக்கம் எனக்கு. அதற்கு வேண்டிய ஷாட்கன் துப்பாக்கிக்கு லைசன்ஸ் தருவது போலீஸ். படிவம், போட்டோ, குடும்ப டாக்டரிடமிருந்து மருத்துவ விவரம், அப்புறம் வீட்டுக்கே வந்து விசாரணை. கிடைத்தால் ஐந்து வருடம் செல்லும். காகித வேலை அலுப்புதான், ஆனால் முடிந்துவிடும். வீடுதான் தலைவலி.

துப்பாக்கிப் பெட்டியை உறுதியான சுவரில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். எங்கள் மாடி அறையில் எந்தச் சுவரைத் தட்டினாலும் 'டொக் டொக்' என்று வெற்று ஓசை. எல்லாம் பிளாஸ்டர்போர்டு, அதாவது மெல்லிய ஜிப்சம் பலகை. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே, கோட்டுகள் தொங்கும் இடத்தில், நல்ல செங்கல் சுவர் கிடைத்தது. வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது என்பது கூடுதல் வசதி. பெட்டியின் பின்பக்கத் துளைகள் வழியாக உள்ளிருந்தே ஆங்கர் போல்ட் முடுக்கினேன். துளையை செங்கல்லின் நடுவில் போடுங்கள். சாந்தில் போட்டால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. பெட்டி வாங்கும்போது பிஎஸ் 7558 என்ற, துப்பாக்கிப் பெட்டிகளுக்கான பிரிட்டிஷ் தரக்குறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாவி. லைசன்ஸ் இல்லாத யார் கைக்கும் அது எட்டக்கூடாது, மனைவி உட்பட. "என்னையே நம்பலையா?" என்று கேட்டாள். சட்டத்தைக் காட்டித் தப்பித்தேன். நம்பர் பூட்டு வைத்த சின்ன பெட்டி ஒன்று வாங்கி, சாவியை அதில் போட்டேன். நம்பர் என் தலைக்குள் மட்டும். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு கட்டாயமில்லை என்றாலும், வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் அவற்றையும் தனியாகப் பூட்டிவிட்டேன்.