தத்துவ விவாதத்தை உருப்படியாக நடத்துவது எப்படி

நீதி, அறிவியல், அறிவு, நல்ல வாழ்க்கை, இவற்றில் எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது, இல்லையென்றால் யாராவது "அவரவர்க்கு அவரவர் கருத்து" என்று சொல்லி மூட்டை கட்டிவிடுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பேன். இருவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று யாருமே தேடவில்லை. அதைத் தேடும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்யவேண்டியது, நடப்பது என்ன வகைச் சண்டை என்று பார்ப்பது. தகவலில் சண்டையா, ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பிடித்துக்கொண்டதால் வந்த சண்டையா, எது முக்கியம் என்பதில் சண்டையா? இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: "நான் சொல்கிற தகவல் எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் உங்கள் முடிவு மாறாதா?" மாறாது என்று பதில் வந்தால், அதற்கப்புறம் நீங்கள் எத்தனை புள்ளிவிவரம் கொண்டுவந்து கொட்டினாலும் பயன் இல்லை, ஏனென்றால் பிரச்சினை அங்கே இல்லவே இல்லை.

அமர்த்தியா சென் 2009-இல் நீதி பற்றி எழுதிய நூலில் வரும் உதாரணத்தைப் பாருங்கள். ஒரு புல்லாங்குழல், அதற்கு மூன்று குழந்தைகள் போட்டி. எங்கள் மூவரில் எனக்கு மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்கிறாள் ஒருத்தி. நான் ஏழை, விளையாட என்னிடம் வேறு எதுவும் இல்லை என்கிறான் ஒருவன். மாதக்கணக்காக உழைத்து இதைச் செய்ததே நான்தான் என்கிறாள் மூன்றாமவள். ஒருவர் சொல்வதை மற்றவர் யாரும் பொய் என்று சொல்லவில்லை. தகவல் முழுக்க மேசைமேல் இருக்கிறது, ஆனாலும் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பயனா, தேவையா, உழைப்பின் உரிமையா என்பதுதான் அங்கே கேள்வி.

எது முக்கியம் என்பதில் சண்டை என்று தெரிந்துவிட்டால் விவாதம் முடிந்துபோனது என்று நினைக்காதீர்கள், உண்மையான விவாதமே அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் ஒரு கற்பனைச் சோதனை சொன்னார்: நீங்கள் யாராகப் பிறப்பீர்கள், என்ன திறமையோடு, எவ்வளவு வசதியோடு வாழ்வீர்கள் என்று எதுவுமே தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளை எழுதச் சொன்னால் எதை எழுதுவீர்கள்? அப்படி எழுதினால், அடிமட்டத்தில் இருப்பவருக்கு நன்மை தருகிற ஏற்றத்தாழ்வை மட்டும்தான் அனுமதிப்போம் என்பது அவர் வாதம். இன்னொரு அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் இதை நேராக எதிர்த்தார். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே தவறு, அது எப்படி வந்தது என்று பாருங்கள், நியாயமாகச் சேர்த்ததை மனமொப்பிக் கைமாற்றியிருந்தால் கடைசியில் வரும் பங்கீடு எப்படி இருந்தாலும் அது நீதிதான் என்றார். வரி, சொத்து, வாரிசுரிமை பற்றி வாதம் வரும்போது எதிரே இருப்பவரிடம் இதைக் கேளுங்கள்: "நீங்கள் பார்ப்பது இப்போதைய பங்கீட்டையா, அது வந்த வழியையா?" பல நேரம் அவரே அதுவரை யோசித்திருக்க மாட்டார், யோசிக்க ஆரம்பித்ததும் பேச்சின் தரமே மாறிவிடும்.

அடுத்தது, எதிர்த்தரப்பை நீங்களே எடுத்துச் சொல்வது. பூர்வபட்சத்தை, அதாவது எதிர்த்தரப்பின் வாதத்தை, முதலில் வைத்துவிட்டு அப்புறம் தன் முடிவைச் சொல்வது நம் பழைய தத்துவ நூல்களின் வழக்கம், அதை விட்டுவிட்டது பெரிய நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டு எதிரே இருப்பவர் "ஆமாம், நான் சொல்லவந்தது இதேதான்" என்று தலையாட்டும்வரை மறுக்க ஆரம்பிக்காதீர்கள். இந்தியத் தத்துவப் பள்ளிகளில் ஒன்றான நியாய மரபு விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது: உண்மையைத் தேடுவது வாதம், ஜெயிப்பதற்காகவே பேசுவது சற்பம், தனக்கென்று ஒரு நிலைப்பாடு வைக்காமல் அடுத்தவர் சொல்வதை உடைப்பது மட்டும் விதண்டை. மூன்றாவது வகை ஆளிடம் "உங்கள் நிலைப்பாடு என்ன?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விலகிவிடலாம், தப்பில்லை.

அறிவியல் பற்றிய விவாதத்தில் "பொய் என்று காட்ட வழியில்லாத கோட்பாடு அறிவியல் இல்லை" என்ற வாதம் நிச்சயம் வரும். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-இல் முன்வைத்த கருத்து இது, நல்ல கருவிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வீசக்கூடாது. யுரேனஸ் கோள் நியூட்டனின் கணக்குப்படி நகரவில்லை. அதற்காக நியூட்டனை யாரும் தூக்கிப்போடவில்லை, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்குப் போட்டார், 1846-இல் பெர்லினில் இருந்து பார்த்தபோது அவர் சொன்ன இடத்துக்கு மிக அருகிலேயே நெப்டியூன் இருந்தது. புதன் கோளின் பாதையிலும் சிறு பிசகு இருந்தது. அதே மனிதர் அதே உத்தியை அங்கேயும் போட்டார், சூரியனுக்குப் பக்கத்தில் வல்கன் என்று ஒரு கோள் இருக்கவேண்டும் என்றார், அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடுதான் அந்தப் பிசகை விளக்கியது. முதல் தடவை கோட்பாட்டைக் காப்பாற்றியது சரி, இரண்டாம் தடவை தவறு, ஆனால் அந்தந்த நேரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன! அதனால் "ஒரு முரண் கிடைத்தது, கோட்பாடு காலி" என்று முடிக்காதீர்கள். கோட்பாட்டைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லும் காரணம் தனியாகச் சோதிக்கக்கூடியதா என்று கேளுங்கள். நெப்டியூன் சோதிக்கக்கூடியது, வல்கனும் சோதிக்கக்கூடியது, அதனால்தான் இரண்டிலும் கடைசியில் விடை கிடைத்தது.

அறிவு என்றால் என்ன என்பது வரையறைச் சண்டை, இதில் எதிர் உதாரணம்தான் ஆயுதம். உண்மையான, தக்க காரணத்தோடு கூடிய நம்பிக்கைதான் அறிவு என்று யாராவது சொன்னால் நின்றுபோன கடிகாரத்தைக் காட்டுங்கள்: அது காட்டும் நேரத்தில் தற்செயலாக நீங்கள் பார்க்கிறீர்கள், நம்பிக்கை உண்மை, காரணமும் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு நேரம் தெரியும் என்று சொல்லமுடியுமா? தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் 1963-இல் மூன்றே பக்கக் கட்டுரையில் இதே மாதிரியான உதாரணங்களால் அந்த வரையறையை ஆட்டிவைத்தார். ஒரு எச்சரிக்கை, "நிஜத்தில் இப்படியெல்லாம் நடக்குமா?" என்று தப்பிக்கக்கூடாது. அந்தச் சூழல் வேண்டுமென்றே மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியைத் தனியாக நிறுத்துகிறது.

நல்ல வாழ்க்கை பற்றிய பேச்சில் நோசிக்கின் அனுபவ இயந்திரம் கட்டாயம் வரும். விரும்பிய அனுபவம் எல்லாம் நிஜம்போலவே தரும் இயந்திரத்தில் ஆயுள் முழுக்க இணைந்துகொள்வீர்களா? மாட்டேன் என்றால், இன்பம் மட்டுமே நல்ல வாழ்க்கை இல்லை என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாகிறது. ஆனால் உடனே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: நீங்கள் இப்போதே அந்த இயந்திரத்துக்குள்தான் இருக்கிறீர்கள், இதுவரை வாழ்ந்ததெல்லாம் அது கொடுத்தது, வெளியே வர விருப்பமா? இப்போது தயங்கினால், முதலில் சொன்ன "மாட்டேன்" நிஜத்தின் மேல் உள்ள பற்றா, பழகியதை விடமுடியாத பயமா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. எந்தக் கற்பனைச் சோதனையையும் இப்படி மறுபக்கமும் வைத்துப் பார்க்காமல் அதிலிருந்து முடிவு எடுக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? இருவரும் பிரியும் இடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதி, இருவருமே சரி என்று ஒத்துக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிடலாம். அந்த வாக்கியத்தை எங்காவது குறித்து வையுங்கள், அடுத்த முறை அதற்கு அடுத்த கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம்.