லைன் மேல் பழி, தப்பு எங்கள் பக்கம்

கிளை அலுவலகத்தில் ரவுட்டரை மாற்றிய மறுநாள் காலை, தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் லிங்க் வரவில்லை. ரவுட்டரில் ‘ஷோ இன்டர்ஃபேஸ்’ கட்டளை போட்டால் சீரியல் (லைன் சேரும் போர்ட்) அப், லைன் புரோட்டோகால் (இரு முனை ரவுட்டர்களும் பேசிக்கொள்ளும் முறை) டவுன். அப் என்பதால் கேபிளும் மோடமும் உயிரோடுதான் இருக்கின்றன என்று தெரிந்தது. ஆனாலும் கை சும்மா இருக்குமா? ரவுட்டரையும் மோடமையும் இணைக்கும் வி.35 கேபிளை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். பலனில்லை.

அப்புறம் மோடமில், ரவுட்டர் அனுப்புவதை அதற்கே திருப்பிவிடும் லோக்கல் லூப் பட்டனை அழுத்தினேன். உடனே புரோட்டோகால் ‘அப், லூப்டு’ என்றது. சரி, என் ரவுட்டரிலிருந்து மோடம் வரை கோளாறு இல்லை. லைன்காரர்களைத் திட்டிக்கொண்டே போன் போட்டேன். லைன் சுத்தம் என்றார்கள்.

லூப்பை எடுத்துவிட்டு ‘டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ்’ போட்டேன். பத்து விநாடிக்கு ஒரு கீப்அலைவ், அதாவது ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்ற சிறு செய்தி. ‘மைசீக்’ (நான் அனுப்பும் வரிசை எண்) ஒவ்வொன்றாக ஏறுகிறது, ‘மைன்சீன்’ (அதில் எதிர்முனை பார்த்ததாகச் சொல்லும் எண்) மட்டும் பூஜ்யத்திலேயே நிற்கிறது. நான் அனுப்புவது எதிர்முனைக்குப் புரியவே இல்லை.

தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். “அண்ணே, உங்க பக்கம் என்கேப்சுலேஷன் என்ன?” லைனில் தரவைப் பொதிந்து அனுப்பும் முறைதான் அது; இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

“பிபிபி தம்பி, ரொம்ப நாளா அதுதானே!”

புது ரவுட்டரில் நான் தொடாமல் விட்டது, சிஸ்கோ ரவுட்டரில் இயல்பாகவே இருக்கும் ஹெச்டிஎல்சி என்ற வேறு முறை. ‘என்கேப்சுலேஷன் பிபிபி’ என்று ஒரே வரி, லிங்க் வந்துவிட்டது. லைன்காரர்களுக்கு மறுபடி போன் போட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.